மென்பொருள் கட்டமைப்பில் புறக் கட்டுப்பாடுகள்

வடிவமைப்பாளரால் மாற்ற முடியாத, மீறவும் முடியாத நிபந்தனைகள் புறக் கட்டுப்பாடுகள் எனப்படும். நாட்டின் சட்டம், ஒழுங்குமுறை அமைப்பின் ஆணை, பிற நிறுவனங்களின் இணைப்பு விதி ஆகியவை இதில் அடங்கும். முதலில் கட்டிவிட்டு இவற்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பது பரவலான நினைப்பு. அது எவ்வளவு தவறு என்பதை இந்தியப் பணப்பரிமாற்றத் துறை காட்டுகிறது. பணப்பரிமாற்றத் தரவு முழுவதையும் இந்தியாவில் மட்டுமே சேமிக்க வேண்டும் என்று 2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டு, ஆறு மாத அவகாசம் தந்தது. இங்கே ‘மட்டுமே’ என்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. உள்நாட்டில் இன்னொரு நகல் வைப்பதென்றால் சில சர்வர்களைக் கூட்டினால் போதும். வெளிநாட்டில் இருப்பதை நீக்க வேண்டுமானால், ஒரு பரிவர்த்தனையின் விவரம் எங்கெல்லாம் படிந்திருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்: பேக்கப், லாக் கோப்பு, மோசடியைக் கண்டறியும் நிரல், மாதாந்திர அறிக்கை. வெளிநாட்டில் செயலாக்கம் நடந்தாலும், ஒரு வேலைநாள் அல்லது 24 மணி நேரம், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் அங்குள்ள தரவை நீக்கி இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும் என 2019 ஜூனில் வங்கி விளக்கியது. ஆணைக்கு இணங்கவில்லை என்று கூறி, 2021 ஜூலை 22 முதல் மாஸ்டர்கார்டு நிறுவனம் புதிய உள்நாட்டு வாடிக்கையாளர்களைச் சேர்க்க ரிசர்வ் வங்கி தடை விதித்தது. தடை 2022 ஜூனில்தான் விலகியது.

வராத சட்டத்தை யார் ஊகிக்க முடியும், ஊகித்துக் கட்டினால் வீண்செலவு அல்லவா என்ற மறுப்பு நியாயமானதே. சிறிய நிறுவனம் எல்லா நாட்டுச் சட்டத்துக்கும் முன்கூட்டியே இடம் விட்டுக் கட்டினால் கட்டி முடிக்கவே முடியாது. ஆனால் சட்டத்தின் வாசகத்தை ஊகிக்கத் தேவையில்லை. எந்தத் தரவின் மீது சட்டத்தின் கை விழும் என்பதை அறிந்தால் போதும். பணம், உடல்நலம், அடையாளம் ஆகிய மூன்றும் பெரும்பாலான நாடுகளில் அப்படிப்பட்டவை. எடுத்துக்காட்டாக, இந்தியாவில் 2022 அக்டோபர் 1 முதல் வணிகத் தளங்கள் வாடிக்கையாளரின் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது, சேமிக்க வேண்டுமானால் எண்ணுக்குப் பதிலான குறியீடாகிய டோக்கனையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. கார்டு எண்ணைத் தனிச் சேவை ஒன்றில் வைத்து, மற்ற இடங்களில் அதற்கான குறியீட்டை மட்டும் புழங்கவிட்ட மென்பொருளில் திருத்தம் பெரும்பாலும் அந்த ஒரு சேவையோடு நிற்கும். அதே எண்ணை ஆர்டர் அட்டவணையிலும், பணம் திருப்பும் நிரலிலும், வாடிக்கையாளர் சேவைத் திரையிலும் எழுதி வைத்த மென்பொருளில் அத்தனை இடத்தையும் தேடித் திருத்தியாக வேண்டும். தொடக்கத்திலேயே பிரித்து வைக்க ஆகும் கூடுதல் உழைப்பு, சட்டம் வராமலே போனாலும் வீணாகாது. கார்டு எண் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் திருட்டிலிருந்து காக்க வேண்டியதும் அந்த ஓரிடம்தான்.