காசநோய்க் கிருமிகள்: மரபணு ரேகை வழி இனம்பிரித்தல்

மனிதரிடையே பரவும் மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ், மாடுகளிடமிருந்து தொற்றும் மைக்கோபாக்டீரியம் போவிஸ் ஆகிய இரண்டின் மரபுத்தொகுப்புகளும் 99.95 விழுக்காட்டுக்கு மேல் ஒத்தவை. பாக்டீரியங்களை அடையாளம் காண வழக்கமாக நாடப்படும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணு இவற்றைப் பிரித்துக் காட்டாது. ஆனாலும் பிரித்தே ஆகவேண்டும். காசநோய்க்குத் தரப்படும் பைராசினமைடு, போவிஸிடம் இயல்பாகவே பலிப்பதில்லை.

இதற்குக் கைகொடுப்பது 1997-இல் வெளியான ஸ்பாலிகோடைப்பிங் முறை. இக்கிருமிகளின் டி.என்.ஏ.வில் ஓரிடத்தில் 36 எழுத்து நீளமுள்ள ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. அவற்றுக்கு இடையே ஒன்றுபோல் மற்றொன்று இல்லாத துண்டுகள் கிடக்கின்றன. 43 இடைத்துண்டுகளைச் சோதித்தால், இருப்பவை பிலிமில் கரும்புள்ளிகளாகத் தெரியும், இல்லாதவை வெற்றிடமாகும். வரிசையின் கடைசி ஐந்தும், அதாவது 39 முதல் 43 வரை, வெறுமையாக இருப்பது போவிஸின் அடையாளம்.

இதற்கு முன் வழக்கிலிருந்த ஐ.எஸ்.6110 ரேகை, இடம்மாறும் ஒரு டி.என்.ஏ. துண்டின் படிகளை எண்ணுவது. தென்னிந்திய நோயாளிகளின் கிருமிகள் பலவற்றில் அத்துண்டு ஒரே படியாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஆகவே இங்கு அம்முறை அதிகம் உதவவில்லை. நெருங்கிய கிளைகளைப் பிரிக்க இப்போது முழு மரபுத்தொகுப்பையும் படிக்கிறார்கள்.