பள்ளிகளில் சாதியத் துன்புறுத்தல்: புகாரளிக்கும் மாணவரைத் தனித்து விடலாகாது

2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற தலித் மாணவர் ஒருவரும், அவரைக் காக்க முனைந்த தங்கையும் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். வெட்டியவர்களுள் அதே பள்ளியில் பயின்ற ஆதிக்கச் சாதி மாணவர்களும் இருந்தனர். தொடர்ந்த துன்புறுத்தல் தாளாமல் அம்மாணவர் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தியிருந்தார். காரணத்தைப் பள்ளியில் தெரிவித்த பிறகே இத்தாக்குதல் நிகழ்ந்தது.

'துன்புறுத்தலைக் கண்டால் மௌனம் காக்காதீர். துணிந்து புகார் செய்யுங்கள்' என்று பதின்பருவத்தினருக்கு அறிவுரை கூறும் நாம் அனைவரும் இவ்வரிசையை நினைவிற்கொள்ள வேண்டும். அந்த மாணவரிடம் துணிவு இருந்தது. அவர் வாய் திறந்த பின் அவரைச் சூழ்ந்து நிற்க வேண்டிய ஏற்பாடுதான் இல்லை. ஆகவே, மாணவரைச் செயலுக்கு அழைப்போர் அந்த ஏற்பாட்டையும் சேர்த்தே உருவாக்க வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

சீண்டலில் தொடங்குவது

சதாராவில் பள்ளி பயின்ற அண்ணல் அம்பேத்கர் தனியே ஒரு சாக்குத் துணியில் அமர வேண்டியிருந்தது; பள்ளிப் பணியாளர் ஊற்றினாலன்றி அவருக்குத் தண்ணீர் கிடையாது. அன்று தீண்டாமை பள்ளியின் நடைமுறையாகவே இருந்தது. இன்று எந்தப் பள்ளியும் அதை விதியாக எழுதி வைக்க இயலாது. அவ்வேலையைச் சக மாணவரின் கையில் கட்டிய வண்ணக் கயிறும், மிதிவண்டியில் ஒட்டிய சாதித் தலைவர் படமும், பட்டப்பெயரும் செய்கின்றன. புத்தகப் பையைத் தூக்கச் சொல்வது, தின்பண்டம் வாங்கிவர ஏவுவது, பேருந்தில் இருக்கையை விட்டு எழச் செய்வது ஆகியவை வெளிப்பார்வைக்குச் சிறுவர் விளையாட்டாகத் தோன்றும். ஊரில் யார் யாரை ஏவலாம் என்ற பழைய ஒழுங்கே அங்கு வகுப்பறைக்குள் ஒத்திகை பார்க்கப்படுகிறது.

இவ்வடையாளங்களை அரசு அறியாததன்று. வண்ணக் கயிறுகளைத் தடுக்குமாறு 2019-இல் பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்பு கிளம்பியதும், அது தமக்குத் தெரியாமல் அனுப்பப்பட்டது என்று அன்றைய கல்வி அமைச்சர் விலகிக்கொண்டார். நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி முதலிய சாதி அடையாளங்களைத் தடை செய்தல், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல், அகர வரிசையில் மாணவரை அமரச் செய்தல், எல்லாச் சமூகத்தினரும் அடங்கிய சமூக நீதி மாணவர் படையை அமைத்தல் ஆகியவை அதன் பரிந்துரைகளுள் சில.

பார்த்தவரின் பொறுப்பு

ஒரு வகுப்பில் துன்புறுத்துவோர் மூவர் எனில், பார்த்துக்கொண்டிருப்போர் முப்பதுக்கும் மேற்பட்டோர். அந்த முப்பதின்மரின் சிரிப்போ மௌனமோதான் மூவரின் வலிமை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இவர்களைச் சார்ந்தே இயங்குகிறது. அதன் 3(1)(r), 3(1)(s) பிரிவுகள், பட்டியல் சாதி, பழங்குடியினரை அவ்வகுப்புகளைச் சாராத ஒருவர் பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இழிவுபடுத்துவதையும் சாதிப் பெயரால் வசைபாடுவதையும் குற்றமாக்குகின்றன. அங்கே பிறர் இருந்தனரா, கேட்டனரா என்பதே வழக்கின் உயிர்நாடியாகிறது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 15A பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிப்பதை அரசின் கடமையாக்கியுள்ளது.

ஆதிக்கச் சாதிகளில் பிறந்த மாணவர்க்கு இங்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. அவர்கள் முதலில் கையொப்பமிடும் புகாரை 'இரு சாதி மாணவர்களின் மோதல்' என்று சுருக்கிவிட முடியாது. தன் கையிலுள்ள கயிற்றைத் தானே அறுப்பதும், இழிசொல் கேட்டுச் சிரிக்க மறுப்பதும், ஒதுக்கப்பட்டவருடன் ஒரே இலையில் உண்பதும் பதினைந்து வயதில் எளிய செயல்கள் அல்ல. அவற்றைச் செய்வோரையும் நாம் தேடிச்சென்று ஆதரிக்க வேண்டும்.

புகாருக்கு முன்னும் பின்னும்

மாணவர் செய்ய வேண்டியவை சில. நிகழ்வு நடந்த அன்றே நாள், நேரம், இடம், சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றை எழுதி வைத்தல் முதற்படி. நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் அதைத் தெரிவித்தல் அடுத்தது. புகாரை எழுத்தில், இயன்றால் பலர் கூட்டாக அளித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலைக் கேட்டுப் பெறல் வேண்டும். ஒரு படியை முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அனுப்பலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098, வன்கொடுமைகளுக்கு எதிரான தேசிய உதவி எண் 14566 ஆகியவற்றை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருத்தல் நலம்.

எஞ்சியவை நம் கடமைகள். புகாரளித்தவரின் பெயரைப் பள்ளி வகுப்பறையில் வெளிப்படுத்தக் கூடாது என்று முன்கூட்டியே வலியுறுத்த வேண்டும். புகாரளித்த நாளும் அவ்விரவுமே மிகுந்த ஆபத்துக்குரியவை; அந்நாளில் மாணவர் தனியே வீடு திரும்பலாகாது, குடும்பம் தனித்திருக்கலாகாது. மிரட்டல் எழுந்தால் காவல் நிலையத்தில் பாதுகாப்புக் கோர வேண்டும். நிலைய அதிகாரி வழக்குப் பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் புகார் அனுப்ப 1995-ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. இவ்வழக்குகளைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் 'பிள்ளைகள் விவகாரம்' என்று கூட்டும் சமரசப் பேச்சில் பாதிக்கப்பட்டவரை அமர வைத்தலாகாது.

கல்லூரி மாணவர்க்கு இதில் தனி இடமுண்டு. பள்ளிப் பருவத்தை அண்மையில் கடந்தவர்கள் என்பதால், ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லாததைச் சிறுவர் இவர்களிடம் சொல்வர். தம் குடியிருப்பில் மாலை நேர வகுப்பு நடத்தும் ஓர் இளைஞர், எந்தச் சிறுவன் ஒரு வாரமாகப் பள்ளிக்குச் செல்லவில்லை என்பதை அரசுக்கு முன்னரே அறிவார். அவ்விடத்திலேயே தலையிட முடியும்.

இத்தலையீடு ஒடுக்கப்பட்ட மாணவர்க்கு மட்டும் உரியதன்று. பட்டப்பெயர் சூட்டிய நாளிலேயே தடுத்து நிறுத்தப்படும் சிறுவன், அரிவாளேந்தி இளஞ்சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிற்க நேராது. நாங்குநேரி மாணவர் மருத்துவமனையிலிருந்து மீண்டு, 2024-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் பெற்றார். அவ்வெற்றியைக் கொண்டாடுவதோடு நம் பணி முடிந்துவிடாது. அடுத்து வாய் திறக்கும் மாணவர் யார், அவருடன் இன்று வீடுவரை நடந்து செல்பவர் யார் என்பதை ஒவ்வொரு குடியிருப்பிலும் நாம் இப்போதே முடிவு செய்தாக வேண்டும்.