தைவானில் தன்பாலினர் திருமணம்

ஆண் இருவரோ பெண் இருவரோ செய்துகொள்ளும் திருமணத்தை ஆசியாவில் முதன்முதலாகச் சட்டப்படி ஏற்றது தைவான். அதற்கான சட்டம் 2019 மே 17 அன்று நிறைவேறி, மே 24 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் நாளிலேயே 526 இணைகள் பதிவுசெய்துகொண்டனர். நாடாளுமன்றம் தானாக முன்வந்து தந்த உரிமை அல்ல இது. நீதிமன்றம் கெடு வைத்தது, வாக்காளர்கள் எதிர்த்தார்கள், இரண்டுக்கும் இடையில் சட்டம் எழுதப்பட்டது.

நீதிமன்றம் கெடு வைக்கக் காரணமான வழக்கின் வேர் 1986இல் இருக்கிறது. தைவானில் அப்போது ராணுவச் சட்டம் அமலில் இருந்தது. எய்ட்ஸ் தடுப்புப் பிரசாரம் செய்துவந்த சீ சியா-வெய், தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதை ஊரறிய அறிவித்து, தம் இணையுடனான திருமணத்தைப் பதிவுசெய்யக் கோரினார். மறுத்துவிட்டார்கள். அதே ஆண்டு கைதாகி, ஐந்து மாதங்களுக்கு மேல் சிறையிலும் இருந்தார். அவர் விடவில்லை. 2013இல் தைப்பேயின் பதிவு அலுவலகத்தில் மீண்டும் விண்ணப்பித்து, மறுப்பை எதிர்த்துப் படிப்படியாக அரசியல் சாசன நீதிமன்றம் வரை சென்றார். 2015இல் தைப்பே மாநகர அரசும் அதே கேள்வியோடு அங்கே வந்து நின்றது. மறுக்கும் அலுவலகமே விளக்கம் கேட்டு வந்தது இந்த வரலாற்றின் சுவையான இடம்.

இடைப்பட்ட காலத்தில் அரசு செய்தது சொற்பம். 2003இல் தன்பாலினர் குடும்பம் அமைக்க வழிசெய்யும் மனித உரிமை மசோதா தயாரானது, நிறைவேறவில்லை. 2015 முதல் கௌசியுங், தைப்பே போன்ற நகரங்கள் இணைகளின் பெயரைக் குடிப்பதிவில் குறித்துக்கொண்டன. அந்தக் குறிப்பால் சொத்துரிமையோ வாரிசுரிமையோ கிடைக்கவில்லை. அந்தக் குறையின் கனத்தைப் பொதுமக்கள் உணர்ந்தது 2016 அக்டோபரில், பிரெஞ்சுப் பேராசிரியர் ழாக் பிகூ இறந்தபோது. அதற்கு முன், சுமார் 35 ஆண்டுகள் உடன் வாழ்ந்த துணை புற்றுநோயால் சாகும் தறுவாயில், சிகிச்சை குறித்து முடிவெடுக்கப் பிகூவுக்கு உரிமை இருக்கவில்லை. சேர்ந்து வாழ்ந்த வீடும் அவருடையதாகவில்லை. திருமண மசோதா அந்த ஆண்டே மறுபடி அவைக்கு வந்தது.

2017 மே 24 அன்று, 748ஆம் எண் விளக்கத் தீர்ப்பு வெளியானது. குடிமைச் சட்டத்தின் திருமண அத்தியாயம், திருமணச் சுதந்திரத்துக்கும் சமத்துவத்துக்கும் முரணானது என்றது நீதிமன்றம். இரண்டு ஆண்டுகளுக்குள் சட்டம் வராவிட்டால், இரு சாட்சிகளின் கையெழுத்தோடு இணைகள் நேரே பதிவுசெய்துகொள்ளலாம் என்ற நிபந்தனைதான் தீர்ப்பின் உயிர். சும்மா இருந்து காலம் கடத்தும் வழியை அது அடைத்துவிட்டது.

எதிர்ப்பாளர்கள் 2018 நவம்பர் 24 அன்று பொது வாக்கெடுப்பைக் கொண்டுவந்தனர். குடிமைச் சட்டத்தில் திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் மட்டுமே என்பதற்கு 72 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. வேறு வகையில் பாதுகாப்பு தரலாம் என்ற இன்னொரு கேள்விக்கும் 61 சதவீதம் ஆம் என்றது. தீர்ப்பை வாக்கெடுப்பால் மாற்ற முடியாது. வாக்கெடுப்பைப் புறக்கணிக்கவும் அப்போதைய அதிபர் சாய் இங்-வென்னின் அரசால் முடியவில்லை. எனவே குடிமைச் சட்டத்தைத் தொடாமல் தனிச் சட்டம் வந்தது. திருமணம் என்ற சொல்லைத் தலைப்பில் தவிர்த்து, 748ஆம் விளக்கத்தின் அமலாக்கச் சட்டம் என்றே பெயரிட்டார்கள். ஆனால் நான்காம் பிரிவு திருமணப் பதிவு என்று வெளிப்படையாகவே சொன்னது. 66க்கு 27 வாக்குகளில் அது தேறியது.

வாரிசுரிமை, பராமரிப்பு, மருத்துவ ஒப்புதல் எல்லாம் கிடைத்தன. திருமணவழி உறவு கிடைக்கவில்லை: இணையின் பெற்றோர் சட்டத்தின் கண்ணில் மாமனார், மாமியார் ஆவதில்லை. கல்யாணத்தை இரு குடும்பங்களின் சேர்க்கையாகப் பார்க்கும் சமூகத்தில் இதைச் சிறிய விடுபடல் என்று சொல்ல முடியாது. தத்தெடுப்பும் இணை பெற்ற குழந்தையோடு நின்றது. 2023 மே மாதத் திருத்தத்துக்குப் பிறகே இருவரும் சேர்ந்து தத்தெடுக்க முடிந்தது. தன்பாலினர் திருமணத்தை ஏற்காத நாட்டவரை மணக்க 2023 ஜனவரியில் வழி திறந்தது. சீனப் பெருநிலத்தவரை மணந்தவர்கள் 2024 செப்டம்பர் வரை காத்திருந்தனர். அதுவும் மூன்றாவது நாடொன்றில் ஏற்கெனவே மணமுடித்திருந்தால்தான்.