கைக்கு முன் காது: மிருதங்கப் பயிற்சியில் திஸ்ர நடையின் இடம்

மிருதங்கம் கற்க வரும் பிள்ளைக்கு முதல் பாடம் தத் தித் தொம் நம். ஆதி தாளத்தில் அட்சரத்துக்கு ஒரு சொல் என்று முதல் காலம், இரண்டு என்று இரண்டாம் காலம், நான்கு என்று மூன்றாம் காலம். வலந்தலையும் தொப்பியும் கைக்குப் பழக இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று, இரண்டு, நான்கு என்று ஏறும் இந்த வரிசையில் மூன்றுக்கு இடமே இல்லை. வேகம் கூட்டுவதென்றால் இரட்டிப்பது என்று மாதக்கணக்கில் பழகிவிட்ட கையிடம், பிறகு ஒருநாள் திஸ்ரம் கேட்கப்படுகிறது. திஸ்ரம் கடினம் என்ற பேச்சு அந்த நாளில்தான் பிறக்கிறது. அந்தக் கடினத்தைப் பெரும்பாலும் பாடத்தின் வரிசையே உண்டாக்குகிறது என்பதும், திஸ்ரத்தை வாசிக்குமுன் காதால் இனங்காணக் கற்பித்தால் அதில் பாதி நீங்கிவிடும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். வகுப்பறையில் திஸ்ரம் என்ற ஒரே பெயரால் மூன்று வேறு பொருள்கள் வழங்குகின்றன. லகுவுக்கு மூன்று எண்ணிக்கை என்பது ஜாதி. திஸ்ர ஜாதி திரிபுடையில் 3, 2, 2 என்று ஏழு எண்ணிக்கை வருவது அதனால். ஓர் அட்சரத்துக்குள் மூன்று மாத்திரை சமமாக நிற்பது நடை. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் சதுஸ்ர நடையில் 32 மாத்திரையும் திஸ்ர நடையில் 24 மாத்திரையும் கொள்வது இதனால். மூன்றாவது, 'தகிட' என்று மூன்றெழுத்தாகச் சொற்களைக் கட்டுவது. இம்மூன்றில் முதலாவதை யாரும் நடையோடு நெடுநாள் குழப்பிக்கொள்வதில்லை, ஏனென்றால் அது போடுகிற கையிலேயே தெரிந்துவிடும். இரண்டாவதும் மூன்றாவதும் கலந்துபோவதுதான் ஆண்டுக்கணக்கில் தீராத தொல்லை.

ரூபக தாளத்தை எடுத்துக்கொள்வோம். வழக்கத்தில் அதற்கு மூன்று எண்ணிக்கை. சதுஸ்ர நடையில் 12 மாத்திரை. 'தகிட' என்பதை நான்குமுறை சொன்னால் ஓர் ஆவர்த்தனம் மிச்சமின்றி நிறைந்துவிடும். மாணவன் வாயில் தகிட, கையில் தகிட. சமத்துக்கும் சரியாக வந்து சேர்கிறான். 'திஸ்ரம் வாசித்தேன்' என்கிறான். உண்மையில் நடை அணுவளவும் மாறவில்லை. நான்கு நான்காக ஓடும் மாத்திரைகளை மூன்று மூன்றாகக் கட்டியிருக்கிறான், அவ்வளவே. அதே ரூபகம் திஸ்ர நடைக்குப் போனால் 9 மாத்திரைதான். மூன்று தகிடதான் இடம் கொள்ளும், ஒவ்வொன்றும் ஒரு தட்டின்மேல் விழும். மறுபுறம் பாருங்கள்: ஆதி தாளத்தைத் திஸ்ர நடையில் போட்டுக்கொண்டு 'தகதிமி' என்று மும்முறை சொன்னால், லகுவின் நான்கு எண்ணிக்கையும் அந்த 12 மாத்திரையில் அடங்கும். சொல் முழுக்க நான்கு. நடை முழுக்கத் திஸ்ரம். தகிட கேட்டால் திஸ்ரம், தகதிமி கேட்டால் சதுஸ்ரம் என்று காதைப் பழக்கும் பாடம் இவ்விரண்டு இடங்களிலும் தோற்றுப்போகும்.

அப்படியானால் நடையை எதைக்கொண்டு கண்டுகொள்வது? அட்சரத்தின் நடுவைக்கொண்டு என்பேன். சதுஸ்ரத்தில் மூன்றாவது மாத்திரை அட்சரத்தைச் சரிபாதியாக வெட்டுகிறது. திஸ்ரத்தில் அந்தப் பாதியில் எதுவும் விழுவதில்லை. இரண்டாவது மாத்திரை அதற்கு முன்பே வந்துவிடுகிறது, மூன்றாவது அதைத் தாண்டி விழுகிறது. நடு வெறுமையாக இருப்பதை உணர்கிற காதுக்குத் திஸ்ரம் எந்தச் சொல்லில் வந்தாலும் மறைந்துகொள்ள முடியாது. இது கச்சேரியில் கைகொடுக்கும் அறிவு. அரை இடம் தள்ளி எடுப்புள்ள ஒரு பாட்டுக்குத் தனி வாசிப்பவர் திஸ்ரத்தில் கோர்வை வைத்தால் அந்த அரை இடம் அவருக்கு ஒன்றரை மாத்திரை. அட்சரத்துக்கு மூன்று என்ற அளவில் அங்கே இறங்க இடமில்லை. ஆறாக இரட்டித்து, மூன்று கழித்து இறங்க வேண்டும். ஒன்றரை எண்ணிக்கை தள்ளி எடுக்கும் தேசாதிக் கிருதிகளிலும் இதே நிலைதான்: நாலரை மாத்திரையை ஒன்பதாக்கினால்தான் கணக்கு கைக்குள் வரும். இதைத் தாளில் போட்டுக் காட்டுவது எளிது. அந்த வெறுமையான நடுவைக் காது அறியாதவன் தாளில் போட்டதை மனப்பாடம் செய்கிறான். எடுப்பு மாறினால் மீண்டும் குருவிடம் வந்து நிற்கிறான்.

காது தயாராகாமல் கை திஸ்ரத்துக்குப் போகும்போது இரண்டு வகையில் தவறுகிறது. இரண்டையும் விரிவாகப் பார்ப்பது தகும், ஏனென்றால் அவற்றுக்கு மருந்து வேறு வேறு.

முதல் வகையில் தாளம் ஓடுகிறது. நிமிடத்துக்கு 60 அட்சரம் என்ற காலப்பிரமாணத்தில் சதுஸ்ரத்தின் ஒவ்வொரு மாத்திரையும் கால் விநாடி. திஸ்ரத்தில் விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. நான்கிலிருந்து மூன்றுக்குப் போகும்போது விரல் நிதானிக்க வேண்டும். பழகிய விரல் நிதானிக்க மறுக்கிறது. கால் விநாடிக்கு ஒன்றாகவே மூன்று சொல்லையும் போட்டுவிட்டு அடுத்த தட்டை எதிர்பார்க்கிறது. அட்சரம் முக்கால் விநாடியாகச் சுருங்கி, 60 இருந்த இடத்தில் 80 நிற்கிறது. திரும்பி வரும்போது இதே பிழை தலைகீழாகி 60 என்பது 45 ஆகத் தொய்கிறது. மாணவனின் காதுக்கு இது பிழையாகவே படாது. அவனுடைய விரலின் சீரான ஓட்டம் கலையவே இல்லை அல்லவா? கலைந்தது தாளம். தானே தாளம் போட்டுக்கொண்டு வாயால் சொல்லிப் பழகாத எவரும் இந்தப் பிழையைத் தாமாகக் கண்டுபிடிப்பது அரிது.

இரண்டாம் வகையில் தாளம் நிற்கிறது, திஸ்ரம் நொண்டுகிறது. மூன்று சொல்லும் நான்கு மாத்திரைக் கட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்து, கடைசிச் சொல் இரண்டு மாத்திரை நீள்கிறது: குறில், குறில், நெடில். 'தகிட' என்று சொல்ல வேண்டியது 'தகிடா' என்று ஒலிக்கும். இந்தச் சாய்வு மனித மனத்தில் ஆழமாகவே இருக்கிறது. நோரி ஜேக்கபி, ஜோஷ் மெக்டெர்மட் இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒழுங்கற்ற மூன்று இடைவெளிகள் கொண்ட தாளத் துணுக்குகளைக் கேட்கச் செய்து, கேட்டதைத் தட்டிக்காட்டச் சொன்னார்கள். தட்டியதையே மீண்டும் கேட்கவைத்துத் தொடர்ந்தார்கள். அமெரிக்கர்களிடமும் பொலிவியாவின் சிமானே மக்களிடமும் துணுக்குகள் 1:1:1, 1:1:2 போன்ற சிறு முழுவெண் விகிதங்களை நோக்கி நகர்ந்தன. எந்த விகிதத்துக்கு எவ்வளவு ஈர்ப்பு என்பது மட்டும் இரு சமூகத்துக்கும் வேறுபட்டது. அச்சோதனை தாளத்தின் நடையை ஆராய்ந்ததாகச் சொல்ல முடியாது. அட்சரம் என்ற சட்டகம் அதில் இல்லை. ஆயினும் நம் வகுப்பறைக்கு அதிலிருந்து ஒன்று கிடைக்கிறது: காது தனக்குப் பழகிய விகிதத்தின் பக்கம் தானாகச் சாயும், பழக்கம் சமூகத்தைப் பொறுத்தது. நான்கின் கட்டத்தை மட்டுமே பழகிய காது மூன்றையும் நான்காக்கிக் கேட்கும் என்று எதிர்பார்ப்பதே நியாயம்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு பன்னிரண்டு. அட்சரத்தைப் பன்னிரண்டாகப் பகுத்து, மூன்றுக்கொரு தரம் தட்டினால் சதுஸ்ரம், நான்குக்கொரு தரம் தட்டினால் திஸ்ரம். கணக்கில் குற்றம் இல்லை, சரிபார்க்க நல்ல கருவி. கற்பிக்கும் முறையாக அதை நான் ஏற்கவில்லை. 60 அட்சர வேகத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு 83 மில்லிவிநாடி. தொடக்க மாணவன் வாய் அதை எண்ணாது. எண்ணும் வேகத்துக்கு இறக்கினாலோ ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே மூன்று, நான்கு விநாடி ஆகிவிடும். அந்த இடைவெளியில் தாளம் என்ற உணர்வே அறுந்துபோகிறது. மாணவன் அப்போது கற்பது கூட்டல். தட்டிலிருந்து தட்டுக்குச் சமமாகப் பரவும் மூன்றை ஒரே மூச்சாக உணர்வது வேறு திறமை.

வலுவான மறுப்பு வேறொன்று உண்டு. சதுஸ்ரமே கர்நாடக இசையின் தளம், அது உறுதிப்பட்ட பிறகே பிற நடைகள் என்பார்கள் மூத்த ஆசிரியர்கள். வாய்ப்பாட்டிலும் சரளி வரிசை ஒன்று, இரண்டு, நான்கு என்றுதான் ஏறுகிறது. ஆதி தாள வர்ணத்தைத் திஸ்ரத்தில் பாடுவது, பல்லவியைத் திரிகாலம் செய்தபின் திஸ்ரம் செய்வது எல்லாம் தேர்ந்தவர்க்கே. அங்கே நான்கு மாத்திரை கொண்ட அட்சரம் ஆறு கொள்கிறது. மூன்று முறை பாடிய பல்லவி இரண்டு ஆவர்த்தனத்தில் முடிகிறது. தாளத்தை அசைக்காமல் பாட்டை ஒன்றரை மடங்காக்கும் இந்த வேலைக்குச் சதுஸ்ரம் கல்லில் எழுதியதுபோல் நிற்க வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது திஸ்ரத்தின் உச்சிப் பயன். உச்சிக்குத் தேவையானதை அடிவாரத்திலும் கேட்பது முறையாகாது.

அடிவாரத்தில் தமிழ்ப் பிள்ளைக்குத் திஸ்ரம் புதிதே இல்லை. காவடிச்சிந்து கேட்டு வளர்ந்தவர்க்கு அந்தத் துள்ளல் தெரியும். திருப்புகழின் சந்தங்களில் தகிட ஓடும் இடங்கள் ஏராளம். சிந்துப் பாடல்களின் யாப்பை ஆராய்ந்த இரா. திருமுருகன் மும்மை நடை, நான்மை நடை என்று தனித்தனியே வகுத்துக் காட்டும் அளவுக்கு மூன்று நம் பாட்டில் ஊறியது. சினிமாப் பாட்டிலும் டோலக்கு, தபேலாவின் மும்மை நடை வீட்டுக்கு வீடு கேட்கிறது. கையைத் தட்டிக்கொண்டு ஒரு சிந்தைப் பாடச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளை தவறாமல் பாடும். அதே பிள்ளைக்கு மூன்று ஆண்டு கழித்துத் திஸ்ரம் என்று அறிமுகம் செய்கிறோம், அதுவும் தெரியாத ஒன்றைப் போல.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பாட்டில் வரும் மூன்று எப்போதும் சமமான மூன்றாக இராது. இழுத்தும் குறுக்கியும் பாடுவதில்தான் துள்ளல் பிறக்கிறது. மாலி நாட்டு ஜெம்பே முரசிசையை அளந்து ரைனர் போலாக் 2010இல் எழுதிய கட்டுரை, அங்கே தட்டின் உட்பிரிவுகள் நிலையாகவே சமமற்றவை என்றும், அது பிழையன்று, அந்த இசையின் நடையே அது என்றும் காட்டியது. ஜாஸ் முரசில் வேகம் கூடக் கூட நெட்டை-குட்டை விகிதம் சமத்தை நோக்கி வருவதை ஃப்ரீபெரியும் சுண்ட்ஸ்ட்ரோமும் 2002இல் அளந்து வெளியிட்டார்கள். ஆகவே சிந்திலிருந்து தொடங்கும் மாணவனுக்குச் சமமான மூன்றைத் தனியே செப்பனிட வேண்டியிருக்கும். அதற்குக் கொன்னக்கோல் போதும். மூன்று தேவை என்று அறிந்த காதைச் செப்பனிடுவது, அறியாத காதுக்கு மூன்றைப் புகட்டுவதைவிட எளிது.

இனி, கற்ற திஸ்ரத்தைப் பயன்படுத்துவதைப் பற்றி. இன்று பல மாணவர்கள் திஸ்ரத்தில் முதலில் கற்பது ஒரு கோர்வை. தனி ஆவர்த்தனத்தில் சதுஸ்ரம் முடித்துத் திஸ்ரம் தொடங்கும் இடத்தில் அதை வைக்கலாம், கைதட்டலும் கிடைக்கும். அவர்களிடம் திஸ்ரத்தில் வெறும் சர்வலகு நாலு ஆவர்த்தனம் வாசிக்கச் சொன்னால் இரண்டாவதிலேயே சொல் வற்றிவிடுகிறது. இது வருந்தத்தக்கது. கோர்வைக்குத் தொடக்கமும் முடிவும் இருப்பதால் மனப்பாடத்தால் கடந்துவிடலாம். சர்வலகுவுக்கு அந்த உதவி இல்லை, நடையிலேயே வாழ்ந்தாக வேண்டும். திஸ்ர நடைக் கிருதிக்கோ திருப்புகழுக்கோ பக்கம் வாசிக்கும்போது தேவைப்படுவதும் சர்வலகுதான். ஆறாக இரட்டிக்கும்போதும் இதே வேறுபாடு வெளிப்படும். ஆறைத் 'தக தக தக' என்று வாசித்தால் மூன்று நிலைத்து, திஸ்ரம் தன் இரண்டாம் காலத்தில் ஒலிக்கிறது. 'தகிட தகிட' என்று வாசித்தால் அட்சரம் இரண்டாகப் பிளந்து, கேட்பவர் காதில் தாளமே இரட்டித்ததுபோல் ஆகிறது. இரண்டும் அழகு. எது எப்போது என்று தெரிவு செய்பவரையே திஸ்ரம் கைவந்தவர் என்பேன்.

எனவே பாடத்திட்டத்தில் நான் கேட்கும் மாற்றம் சிறியது. தத் தித் தொம் நம் மூன்று காலமும் சொல்லத் தெரிந்த உடனே, வாசிக்கத் தெரியும்வரை காத்திராமல், ஆதி தாளம் போட்டுக்கொண்டு ஓர் ஆவர்த்தனம் தகதிமி, ஓர் ஆவர்த்தனம் தகிட என்று வாயால் மாற்றி மாற்றிச் சொல்லவைக்க வேண்டும். அது நின்றபின் சொற்களை மட்டும் இடம் மாற்ற வேண்டும்: சதுஸ்ரத்தில் தகிட, திஸ்ரத்தில் தகதிமி. பிறகு மாறும் இடத்தைச் சமத்திலிருந்து பெயர்த்து, லகு முழுதும் சதுஸ்ரம், இரு துருதங்களும் திஸ்ரம் என்று 16க்கு 12ஆக வைக்கலாம். தேர்வில் கோர்வை கேட்பதோடு இதையும் கேட்கட்டும்: ஆசிரியர் முன்னறிவிப்பில்லாமல் ஏதோ ஓர் எண்ணிக்கையில் 'திஸ்ரம்' என்று சொல்ல, அடுத்த தட்டிலேயே மாணவன் மாற வேண்டும், கையின் தாளம் ஓடாமலும் தொய்யாமலும்.