சுண்ணாம்பைப் பிடிக்கும் பிசின்: அயனிப் பரிமாற்றப் பலபடிகளின் வரலாறு

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியின் பெயரை நிலவியலாளர்கள் ஒரு பாறைத்தொகுதிக்கே சூட்டியுள்ளனர். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. கிரைஃபியா, இனோசெராமஸ் முதலிய சிப்பிகளின் ஓடுகள் செறிந்த சுண்ணாம்புக்கல் அதன் எச்சம். மண்ணிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இறங்கும் மழைநீர் இத்தகைய கல்லைக் கரைப்பதால் கால்சியம் அயனிகள் கிணற்று நீரில் கலக்கின்றன. அந்நீரில் சோப்பு நுரைக்காது. பருப்பு எளிதில் வேகாது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்கு ஏறும். குடிநீரின் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம் என்றும், வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது.

இந்தக் கால்சியத்தைப் பிடிக்க உதவும் அயனிப் பரிமாற்றம் முதலில் மண்ணில்தான் புலப்பட்டது. அம்மோனியம் சல்ஃபேட் கரைசலை மண்ணின் வழியே வடித்தால் அடியில் கால்சியம் சல்ஃபேட் வருவதை இங்கிலாந்தில் தாம்சன் கண்டார். ஜான் தாமஸ் வே அதை விரிவாக ஆராய்ந்தார். இருவரும் 1850-ல் முடிவுகளை வெளியிட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ராபர்ட் கான்ஸ் சோடியம் அலுமினோசிலிக்கேட்டைச் செயற்கையாகச் செய்து நீரை மென்மையாக்கினார். 'பெர்முடிட்' என விற்பனையான அப்பொருளை அமிலம் சிதைத்துவிடும். 1935-ல் ஆடம்ஸ், ஹோம்ஸ் இருவரும் ஃபீனால்-ஃபார்மால்டிஹைடு பிசின்களும் அயனிகளை மாற்றிக்கொள்ளும் எனக் காட்டினர். உடைந்த இசைத்தட்டுத் தூளில் இதைக் கண்டார்கள் என்றொரு கதை உண்டு. கதை எப்படியோ, அவர்களின் 1935 கட்டுரை உறுதி.

இன்றைய பிசினுக்கு அடித்தளம் டி'அலேலியோ 1944-ல் பெற்ற காப்புரிமை. ஸ்டைரீன் சங்கிலிகளை டைவினைல்பென்சீனால் குறுக்கே பிணைத்து, சல்ஃபோனிக் தொகுதிகளை ஏற்றினால், கசகசா அளவிலான தேன்நிற மணிகள் கிடைக்கும். பெரும்பாலும் குறுக்குப்பிணைப்பு 8 சதவீதம். அது குறைந்தால் மணி அதிகமாக உப்பும், கூடினால் அயனி உள்ளே நுழையத் தடுமாறும். சல்ஃபோனிக் தொகுதியின் எதிர்மின்சுமை சங்கிலியை விட்டு நகராது. அதைச் சமன்செய்ய நிற்கும் சோடியம் அயனிகள் மட்டும் இடம் மாறலாம். ஒரு கால்சியம் அயனி நுழைந்தால் இரண்டு சோடியம் அயனிகள் வெளியேறும். நீர்த்த கரைசலில் இருமின்சுமை அயனியைப் பிசின் வலுவாக விரும்பும். கரைசலின் செறிவு ஏற ஏற அந்த விருப்பம் தளரும். சுமார் 10 சதவீத உப்புக் கரைசலை ஊற்றினால் கால்சியம் கழன்று பிசின் புதிதாவது இதனால்தான். பிடிப்பைவிட விடுவிப்பே இம்முறையின் உண்மையான பலம்.

மணிகளாக இல்லாமல் கரைசலில் கரைந்திருக்கும் பலபடிகளும் உலோகங்களைப் பிணைக்கும். பாலிஅக்ரிலிக் அமிலம் தாமிரத்தைப் பிணைப்பதை 1955-ல் கிரெகர் குழுவினர் அளந்தனர். இமினோடைஅசிட்டேட் தொகுதியுள்ள பிசின்களோ நண்டுக் கொடுக்குபோலப் பல முனைகளால் கவ்வுபவை. கால்சியத்தைவிடத் தாமிரத்தையும் நிக்கலையும் இறுக்கிப் பிடிப்பதால், அவற்றைக் கழற்ற அமிலம் வேண்டும்.

இந்தியாவில் 1964-ல் பிரிட்டனின் பெர்முடிட் நிறுவனத்துக்குத் துணைநிறுவனமாக அயன் எக்ஸ்சேஞ்ச் (இந்தியா) தொடங்கியது. கொதிகலன்களும் ஜவுளிச் சாயப்பட்டறைகளும் மென்னீரை நம்பி இயங்குபவை. பிசினைக் கழுவிய உப்புநீர் கால்சியத்தோடு மிகுதிச் சோடியத்தையும் சுமந்து வெளியேறுகிறது. அது வயலில் பாய்ந்தால் சோடியம் களிமண்ணிலிருந்து கால்சியத்தை வெளியேற்றி மண்ணை இறுகச் செய்யும்: தாம்சன் கண்ட அதே பரிமாற்றம்.