அம்மோனியாவும் அம்பத்தூரும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் பட்டறை ஒன்றின் மூலையில், தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது ஒரு பழைய லேசர் எந்திரம். இப்போது ஃபைபர் லேசர் வந்துவிட்டது, இதற்கு வேலையில்லை. 'இது கேஸ் மெஷின் சார்' என்றார் ஆபரேட்டர். மின்சாரம் நைட்ரஜனை உசுப்ப, அது தன் அதிர்வைக் கார்பன் டை ஆக்சைடுக்குக் கைமாற்ற, 10.6 மைக்ரான் அலைநீளத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பிறக்கிறது. 1964இல் பெல் ஆய்வகத்தில் இதை உருவாக்கியவர், பாராமதியில் பிறந்து புனேயில் பொறியியல் படித்த சி.கே.என். படேல். தொழிற்பேட்டை தொடங்கியதும் அதே 1964தான்.

நமக்குத் தரப்படுகிற வரலாற்றுப் பிரதிகளில் இந்த வகை ஒளிக்கு இரண்டே முகவரிகள்: உற்பத்தி, யுத்தம். அம்பத்தூரில் தகடு. பக்கத்து ஆவடியில் (1955 காங்கிரஸ் மாநாடு 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்ட அதே ஆவடிதான்) உருவான அர்ஜுன் டாங்கியில், இலக்கின் தூரத்தை அளக்கும் லேசர். மூன்றாவது முகவரி ஒன்று உண்டு. அது விண்வெளி.

அங்கே போன வழியும் யுத்தத்தினூடாகத்தான். இரண்டாம் உலகப் போரில் சார்லஸ் டவுன்ஸ் குண்டுவீச்சு விமானங்களுக்கு ராடார் செய்துகொண்டிருந்தார். 1.25 சென்டிமீட்டர் அலையைக் காற்றிலுள்ள நீராவி விழுங்கிவிடும் என்று அவர் எச்சரித்தார். ராணுவத்துக்கு அது கோளாறு. டவுன்ஸுக்கோ, மூலக்கூறு தன்னைக் காட்டிக்கொடுக்கும் இடம். போர் முடிந்ததும் ராடார் கருவிகளை வைத்தே அம்மோனியாவை ஆராய்ந்தார். 1954இல் அம்மோனியாவைக் கொண்டு லேசரின் முன்னோடியான மேசர். 1968இல் சகாக்களுடன் விண்வெளியிலேயே அம்மோனியா. அது ரேடியோ அலையில். எத்திலீன், சிலேன் மாதிரியான சமச்சீர் மூலக்கூறுகள் ரேடியோவில் பிடிபடாது, அகச்சிவப்பில்தான் மாட்டும். நட்சத்திர ஒளியோடு கார்பன் டை ஆக்சைடு லேசரின் ஒளியைக் கலந்தால், இரண்டின் அதிர்வெண் வித்தியாசம் ரேடியோ அலையாக விழும். மூலக்கூறின் வரியை மிக நுணுக்கமாக வாசிக்கலாம். சிம்ம மண்டலத்தில், தான் கக்கிய கரித்தூசிக்குள் மறைந்திருக்கும் முதிய நட்சத்திரம் ஐஆர்சி+10216. அதைச் சுற்றி பெட்ஸும் சகாக்களும் இப்படித்தான் 1979இல் அம்மோனியாவையும், பிறகு எத்திலீனையும் சிலேனையும் கண்டார்கள்.

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இதில் என்ன வேலை? அம்பத்தூரைப் பற்றி நான் எழுதியதெல்லாம் ஷிஃப்ட், கூலி, கதவடைப்பு. எழுத வேண்டியதுதான். ஆனால் தொழிலாளியைக் கையாக மட்டுமே எழுதும்போது முதலாளியின் கணக்கும் நம் கணக்கும் ஒன்றாகிப் போகிறது. லேசரின் மிரரை மயிரிழை நகர்த்தி ஒளியை நேர்ப்படுத்தத் தெரிந்தவர் அந்த ஆபரேட்டர். விண்ணோக்கிக்குப் பக்கத்தில் அந்த வேலைக்குப் பெயர் ஆராய்ச்சி, பட்டறையில் மெயின்டெனன்ஸ்.

செவ்வாயின் காற்று மண்டலத்தில், வெயில் பட்டே கார்பன் டை ஆக்சைடு 10 மைக்ரான் ஒளியைப் பெருக்குகிறது என்று 1981இல் மும்மாவும் சகாக்களும் அறிவித்ததை அவரிடம் சொன்னேன். தார்ப்பாயை லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

'அங்க மிரர் யார் சார் அலைன் பண்றாங்க?'

மிரரே கிடையாது என்றேன்.

'அப்ப அது கட் பண்ணாது' என்றார்.