பிள்ளைகளின் விளையாட்டும் பெருந்தோட்ட வீதியும்

அட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் வீதி நோர்வூட்டில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று பொகவந்தலாவைக்கும் மற்றொன்று மஸ்கெலியாவுக்கும் செல்கின்றது. ஒரு புறம் மண்மேடு. மறு புறம் பள்ளம். இடையே வளைந்து செல்லும் இவ்வீதியின் ஓரமாகவே லயங்களிலிருந்து இறங்கிவரும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றனர். சிவனொளிபாத மலைப் பருவகாலத்தில் யாத்திரிகர்களின் பஸ் வண்டிகளும் இவ்வழியே விரைகின்றன. இப்பிள்ளைகளுக்கு வீதியொழுங்கை எவ்வாறு கற்பிப்பது? விளையாட்டு மூலம் கற்பிக்கலாம் என்பர் கல்வியாளர். அது நல்ல விடையே. ஆயின் முழு விடையாகுமா என்பதை அறிய, வீதியின் வரலாற்றையும் அவ்விளையாட்டின் வரலாற்றையும் நாம் சேர்த்தே நோக்க வேண்டும்.

மலையகத்து வீதிகள் பிள்ளைகளை எண்ணிப் போடப்பட்டவை அல்ல. 1820களில் ஆளுநர் எட்வேர்ட் பான்ஸ் கொழும்பு–கண்டி வீதியை அமைத்தபோது படைநடமாட்டமே முதல் நோக்கமாயிருந்தது. கோப்பித் தோட்டங்கள் பெருகவே அது சரக்கு வழியாயிற்று. ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்ய வேண்டும், இன்றேல் பணம் செலுத்த வேண்டும் என்று 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம் விதித்தது. அவ்வாண்டுக் கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். பின்னர் கோப்பி அழிந்து தேயிலை எழுந்தது. 1884இல் புகையிரதம் அட்டனை எட்டியது. தேயிலைப் பெட்டிகளைப் புகையிரத நிலையத்தில் சேர்ப்பதே வீதிகளின் தலையாய கடமையாயிற்று. 1907ஆம் ஆண்டின் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளின் கல்விக்குத் துரைமாரைப் பொறுப்பாக்கியது. சட்டத்தில் பள்ளிக்கூடம் இடம்பெற்றது. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் வழியைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை.

மோட்டார் வண்டி பெருகிய நாடுகளில் பிள்ளைகளின் உயிரிழப்பு முன்னரே பெருங்கேள்வியாயிற்று. பிரித்தானியாவில் விபத்துத் தடுப்புச் சங்கத்தைச் சேர்ந்த எல்சி மில்ஸ் அம்மையார், 1953இல் டஃப்டி என்னும் அணிற்குட்டியைப் படைத்தார். கதை, பொம்மை, படம் ஆகியவற்றால் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு வீதியொழுங்கைச் சொல்வதே அவரது முறை. 1961இல் டஃப்டி கழகம் தோன்றியது. 1970களின் தொடக்கத்தில் அதன் உறுப்பினர் தொகை இருபது இலட்சத்தை எட்டியது. அணிற்குட்டி என்றும் சொற்கேட்கும் பிள்ளை. அதன் தோழன் வில்லியோ தாயின்றி ஐஸ்கிரீம் வண்டியை நாடி ஓடி, காரில் மோதுண்டு விழுவான். குற்றம் வில்லியினுடையது; காரோட்டியின் வேகத்தைப் பற்றிக் கதை கேட்பதில்லை.

இக்குறையைச் சுட்டியவர் சுவீடனின் ஸ்டீனா சாண்டெல்ஸ் அம்மையார். ஓசை எத்திசையிலிருந்து வருகின்றது, வண்டி எவ்வளவு விரைவாக வருகின்றது என்பவற்றைக் கணிப்பது சிறு பிள்ளைகளுக்கு இயல்பாகவே கடினம் என்று ஆய்ந்து காட்டினார். எத்துணை கற்பித்தாலும் இளம் பிள்ளையை வீதிக்கு முற்றாகப் பொருத்திவிட முடியாது, வீதியே பிள்ளைக்குப் பொருந்த வேண்டும் என்பது 1968இல் வெளிவந்த அவரது நூலின் சாரம். நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டில் மட்டும் நானூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வீதியில் மாண்டனர். பெற்றோர் கிளர்ந்தெழுந்து, "பிள்ளைக் கொலையை நிறுத்து" என்னும் முழக்கத்தோடு வீதிகளை மறித்தனர். வேகம் தணிந்த குடியிருப்பு வீதிகள் அந்நாட்டில் பரவியதில் அப்போராட்டத்துக்குப் பெரும்பங்குண்டு.

அப்படியாயின் விளையாட்டு வேண்டாமா? வேண்டும். பிரட்டுக்களத்தில் சுண்ணாம்பால் இரு கோடு கீறினால் அதுவே வீதி. ஒரு பிள்ளை பஸ், மற்றொன்று லொறி, இன்னொன்று தாய். பஸ்ஸின் பின்னே ஒளிந்து நிற்பவனை லொறிக்காரன் காண்பதில்லை என்பதைப் பிள்ளைகள் தம் கண்ணாலேயே அறிந்துகொள்வர். வலம் பார், இடம் பார், மீண்டும் வலம் பார். நடைபாதை இல்லாத இடத்தில் எதிர்வரும் வண்டியைக் கண்டபடி வலப்புறம் நட. வளைவில் குறுக்கே போகாதே. இவை மனனத்தால் வருவன அல்ல. காலும் கண்ணும் பழகப் பழக வருவன. பிள்ளை மடுவத்திலேயே இதனைத் தொடங்கலாம். செலவென்று பெரிதாக எதுவுமில்லை.

ஆனால் ஆட்டம் முடிந்ததும் பிள்ளை இறங்கிப் போவது சுண்ணாம்பு வீதிக்கல்ல. அங்கே நடைபாதை வேண்டும்; பள்ளிக்கூட வாயிலில் மஞ்சள் கடவை வேண்டும்; லயங்களை அண்டிய வீதியில் வேகம் தணிய வேண்டும். 2018ஆம் ஆண்டுத் தேர்தலோடு நோர்வூட்டுக்கெனத் தனிப் பிரதேச சபை அமைந்தது. அச்சபையிடமும் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் தோட்ட நிர்வாகங்களிடமும் இவற்றைக் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. பிள்ளைகளுக்கு ஒழுங்கைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், பெற்றோரோடும் தொழிற்சங்கங்களோடும் சேர்ந்து இக்கோரிக்கையையும் எழுப்புதல் வேண்டும். நாட்டுக்குச் செல்வம் ஈட்டித்தந்த வீதியில், அச்செல்வத்தை உழைத்துத் தந்தவர்களின் பிள்ளைகள் அச்சமின்றி நடந்து போவது சலுகையன்று. நெடுங்காலமாகத் தீராதிருக்கும் கடன்.